பெரட்டுக் களத்தில் எனக்கு வந்த சாமி

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவனை எல்லோரும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் டாக்டர் இல்லை என்பது கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்க, புண்ணுக்குக் கட்டுப் போட, கைக்கு மீறியதை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்க, இவ்வளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. மிச்சமெல்லாம் முகபாவம். இருமிக்கொண்டு வருகிறவரின் முதுகில் குழலை வைத்து, கண்ணைக் கொஞ்சம் மூடி, தொண்டைக்குள் ஒரு முனகல் முனகினால் பாதி நோய் அங்கேயே இறங்கிவிடும். அக்கரப்பத்தனைப் பக்கத்து மலையொன்றில், தொண்ணூறுகளின் ஆரம்பத்திலிருந்து, நான் அந்த முனகலை வைத்தே காலம் தள்ளினேன். வயிற்றோட்டம் வந்து, லயம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளில் ஆட்கள் வீடு வீடாகச் சரிந்தபோதும், செங்கமாரி வந்து பிள்ளைகளின் கண்ணெல்லாம் மஞ்சளானபோதும் முனகிக்கொண்டே சமாளித்தேன். என்னைத் தைரியசாலி என்று தோட்டம் நம்பியது. நானும் நம்பினேன். தோட்டமா நானா பெரிய முட்டாள் என்பது இன்னும் முடிவாகவில்லை.

யுத்தம் முடிந்த வருடம் பன்றிக் காய்ச்சல் வந்தது. முதலில் அது வானொலியில் மட்டும் இருந்தது. விமானத்தில் வந்து இறங்குகிறவர்களின் நோய் அது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற நமக்கு எதற்கு என்று இருந்தோம். "நம்ம லயத்துல பன்னியே வளக்கிறதில்லையே, அது எப்பிடிங்கய்யா நமக்கு வரும்?" என்று ஒரு கங்காணி கேட்டார். பெரிய அறிவாளி போல நானும் சிரித்தேன்.

தீபாவளி முடிந்த கையோடு பக்கத்துத் தோட்டத்துக் கர்ப்பிணிப் பெண்ணொருத்தியைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். திரும்பி வந்தது பெட்டி. அதைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். முகம் பார்க்காமலே புதைத்தார்கள். அந்தச் செய்தி வந்த மத்தியானம் நான் மருந்து அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று மூச்சு உள்ளே போக மறுத்தது. நெஞ்சுக்குள் யாரோ கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி. விரல் நுனிகள் மரத்துப் போயின, கால் ஆடியது. சரி, வந்துவிட்டது என்று தீர்மானித்தேன். காய்ச்சல் பார்க்கும் கோலை வாயில் வைத்தேன். காய்ச்சல் இல்லை. கோல் பழுது என்று புதுக் கோலை எடுத்தேன். அதுவும் இல்லை என்றது. இரண்டும் கூட்டுச் சேர்ந்து என்னை ஏமாற்றுவதாக முடிவுக்கு வந்தேன். நோயாளி யாராவது இப்படி யோசித்தால் நான் அவரை வேறு கண்ணால் பார்த்திருப்பேன்.

அதற்குப் பிறகு அது தினமும் வந்தது. சோற்றைப் பிசையும்போது வந்தது, ரேடியோவில் செய்தி என்ற சொல்லைக் கேட்டால் வந்தது. குழலைக் காதில் மாட்டிக்கொண்டு என் நெஞ்சை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி அவ்வளவு அக்கறையாக அதைக் கேட்டதில்லை. "நீங்க நோயாளியப் பாக்குறத விட கண்ணாடியப் பாக்குறதுதான் கூட. நாக்க நீட்டி நீட்டி என்னாத்தத் தேடுறீங்க?" என்றாள். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொன்னேன். "நான் என்னா நாய்க்கா சோறு வைக்கிறேன்?" என்று உள்ளே கொண்டுவந்து வைத்தாள்.

எங்கள் தோட்டத்தின் மிட்வைஃப் அக்கா பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்தார். என்னைவிட மூத்தவர். ஆட்கள் முன்னால் ஐயா என்பார், தனியாக இருந்தால் தம்பி. தோட்டத்தில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள், அதனால் பாதிப் பேரைப் பச்சையாகத் திட்டும் உரிமை அவருக்கு இருந்தது. அவருடைய கவலை முழுக்க மேட்டு லயத்து மருமகள் மேல் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது, ஏழு மாதம். கர்ப்பிணிகளைத்தான் இந்தக் காய்ச்சல் தேடிப் பிடிக்கிறது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மிட்வைஃப் அக்கா காலையும் மாலையும் அந்த மேட்டில் ஏறி, வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே இருமல் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டு இறங்குவார். துணி துவைக்கும் சவர்க்காரத்தால் கழுவிக் கழுவி அவருடைய கை விரல்கள் வெடித்திருந்தன. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் பெட்டிதான். எங்கள் இரண்டு பேருக்கும் இது தெரியும். நானும் அந்தப் பிள்ளைக்காகப் பயந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பயந்தேன்தான். ஆனால் என் பயத்தில் பெரும் பங்கை எனக்கே எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

இந்த நேரத்தில் மேலிடத்துக்கு எங்கள் மேல் கருணை பிறந்தது. தோட்டங்களின் சுகாதார ஊழியர்களுக்கு மனவழுத்தம் ஏற்படலாம் என்று யாரோ யோசித்து, ஹட்டனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் நாற்காலி வரிசை ஒன்றைக் காலியாக விடச் சொன்னார், காற்றோட்டத்துக்காம். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

"நீங்கள் நோயாளியளைப் பாக்கிற ஆக்கள். முதல்ல உங்கட மனசைப் பாக்கோணும், விளங்குதே? எல்லாரும் கண்ணை மூடுங்கோ. இப்ப நீங்கள் ஒரு கடற்கரையில நிக்கிறியள். அலை வருது, போகுது. மூச்சை மெல்ல இழுங்கோ."

கண்ணை மூடினோம். கொஞ்ச நேரத்தில் மிட்வைஃப் அக்கா என் முழங்கையை இடித்தார்.

"தம்பி, எனக்குக் கடல் வர மாட்டேங்குது."

"பாத்ததே இல்லையாக்கா?"

"டீவியில பாத்தேன். அதுல சுனாமிதான காட்டுனாங்க."

நான் கண்ணை மூடியபடியே சிரித்தேன். சிரித்ததில் மூச்சு நன்றாகவே போய் வந்தது. அதைப் பார்த்த அதிகாரி தன் கடற்கரை வேலை செய்வதாக நினைத்துத் தலையாட்டினார். பிறகு, "இஞ்ச ஆருக்காவது நித்திரை வராம இருக்கோ? வெக்கப்படாமல் கையை உயர்த்துங்கோ," என்றார். ஒருவரும் உயர்த்தவில்லை. எல்லோருடைய கண்ணும் பின்னால் தேநீருக்கு மூடி வைத்திருந்த ரோல்ஸ் தட்டில் இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்த முகங்கள். கையைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். சாயந்தர பஸ் ஊர் போய்ச் சேருவதற்கு முந்தியே, இன்னாருக்கு மறை கழன்றுவிட்டது, அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு எழுதப் போகிறார்களாம் என்று கதை போய்ச் சேர்ந்துவிடும். அங்கொடைக் கேஸ் கொடுக்கும் மாத்திரையை எவன் விழுங்குவான்?

என் கை தானாக மேலே போனது. எல்லோரும் திரும்பினார்கள். அதிகாரியின் முகத்தில் மீன் சிக்கிய மகிழ்ச்சி.

"சொல்லுங்கோ ஐசே."

"மாஸ்க் எப்ப சார் வரும்?" என்றேன்.

மண்டபம் கைதட்டியது. "அது வேற பிரிவு," என்றார் அதிகாரி. நான் உட்கார்ந்தேன். பகிடி விட்டுத் தப்பிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

தோட்டத்துக்குத் திரும்பினால், தோட்டத்தை நடத்தும் துரை ஒரு புதிய கட்டளை வைத்திருந்தார். இனிமேல் காலைப் பெரட்டில் நான் நிற்க வேண்டும். விடிந்ததும் ஆட்களைக் களத்தில் நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று வேலை பிரிப்பதைத்தான் பெரட்டு என்போம். மலைக்குப் போகும் முன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் காய்ச்சல்காரரைப் பிரித்து நிறுத்த வேண்டுமாம். துரை இதை ஜீப்புக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிச் சொன்னார்.

"டொக்டர், யாருக்கும் காய்ச்சல் இருந்தா அந்த லயத்தையே மூடணும். வெளிய யாரும் வரக் கூடாது. ஆனா கொழுந்து குறையக் கூடாது, சரியா?"

கண்ணாடி ஏறியது. ஜீப் போனது. இந்த அறிவைத் தருவதற்காக அவரை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார்களோ.

லயத்தை மூடினால் அந்த லயத்தில் யாருக்கும் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அடுப்பு இல்லை. ஆகவே தோட்டத்தில் ஒருவருக்கும் இருமல் இல்லாமல் போய்விட்டது. நான் வரிசையில் நடந்தால் பெண்கள் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்டும் வரை மூச்சைப் பிடித்து நிற்பார்கள். நான் தாண்டிப் போனதும் பின்னால் அடக்கிய இருமல் வெடிக்கும். திரும்பினால் எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்குப் பனி தரையோடு கிடந்தது. வரிசையில் நான் வந்து நின்றது மேட்டு லயத்து மாமியாருக்கு முன்னால். அந்த ஏழு மாதக் கர்ப்பிணியின் மாமியார்தான். வெற்றிலை வாயும் ஓங்கிய குரலுமாக, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவையே எதிர்த்துப் பேசுகிறவர். அவரும் மூச்சைப் பிடித்துத்தான் நின்றார். ஆனால் வாயில் வெற்றிலை இருந்தது. அது புரையேறியது. இருமல், வெற்றிலைச் சாறு, எல்லாம் என் முகத்தில்.

அவ்வளவுதான். கூடை நெஞ்சில் கவிழ்ந்தது. கை உதறத் தொடங்கியது, பிறகு தோள், பிறகு தலை. "உஸ்ஸ், உஸ்ஸ்" என்று பல்லிடுக்கில் காற்றை இழுத்தேன். தொப்பி விழுந்தது. கால் நிற்க மறுத்துத் தரையைத் தட்டியது. இதோ முடிந்தது, டாக்டரய்யா பயந்து நடுங்குவதை ஊரே பார்த்துவிட்டது என்று எனக்குள் ஒரு மூலை அழுதது.

"ஐயாவுக்குச் சாமி வந்திருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

நான் மறுக்க வாயைத் திறந்தேன். இன்னொரு "உஸ்ஸ்" தான் வந்தது. மாமியார் கொழுந்துக் கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு என் காலில் விழுந்தார். பின்னால் வரிசை வரிசையாக விழுந்தார்கள். சாமி வந்தவர் கையில் வேப்பிலை கொடுக்க வேண்டும். எங்கள் குளிரில் வேம்பு ஏது? ஒருத்தி ஓடிப் போய்த் தேயிலைச் செடியில் ஒரு கொத்தை முறித்துவந்து என் கையில் திணித்தாள். மற்ற நாளென்றால் செடியை முறித்ததற்காகக் கண்டாக்கையா அவளைப் பெயர் பெயராகத் திட்டியிருப்பார். அன்றைக்கு அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். தூரத்தில் துரையின் ஜீப் பின்னோக்கியே போய் மறைந்தது.

"தாயே, திருவிழாக்கூட இல்லாத காலத்துல வந்திருக்கியே! எம் மருமகளுக்கு இந்தக் காய்ச்சல் வருமா தாயி? ஒரு வார்த்த சொல்லு!" என்று மாமியார் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

நடுங்கிய என் தலை இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது.

"வராதுன்னுட்டா! ஆத்தா வராதுன்னுட்டா!"

அப்போதுதான் யாரோ ஒரு குடம் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். விடியற்காலைக் குளிரில், மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர். அந்த அதிர்ச்சியில் என் மூச்சு ஒழுங்காகிவிட்டது. ஹட்டன் கடற்கரையால் முடியாததை ஒரு குடம் செய்தது. சாமி மலையேறியதாக எல்லோரும் முடிவு செய்து, என் நெற்றியில் திருநீறு பூசி, கொழுந்து எடுக்கப் போனார்கள்.

ஈரத் துணியோடு குவாட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மிட்வைஃப் அக்கா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி, அது சாமி இல்லதான?"

"இல்லக்கா."

"தெரியும். எனக்கும் அதே சாமிதான் வருது."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால போயி, அங்க விட்டுட்டுப் போற புள்ளைங்க பாக்காம, முந்தானைய வாயில வச்சுக்கிட்டு உக்காந்துக்கிருவேன். கொஞ்ச நேரத்துல போயிரும். அந்தப் பெட்டி வந்த நாள்ல இருந்து."

"ஏங்க்கா சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?" என்றார். பிறகு கொஞ்சம் எரிச்சலோடு, "உங்களுக்குன்னா கால்ல விழுறாங்க. எனக்கு அந்தக் களத்துல வந்திருந்தா பேய் புடிச்சிருச்சுன்னு மொளகா வத்தலப் போட்டுப் பொகைச்சிருப்பாங்க," என்றார்.

உண்மையைச் சொன்னால், கடவுளாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. எலுமிச்சம்பழம் வந்தது, தேங்காய் வந்தது. நான் போனால் கண்டாக்கையா எழுந்து நின்றார். நடுக்கம் வந்தால் ஒளிய வேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பவர் கும்பிடுவார். ஆனால் டிஸ்பென்சரி காலியாகிவிட்டது. வந்த ஒன்றிரண்டு பேரும் மாத்திரையை ஒதுக்கி வைத்துவிட்டு, "அதே பேப்பர்ல கொஞ்சம் திந்நூறு மடிச்சுக் குடுங்கய்யா," என்றார்கள். படித்த வேலையை இப்படி ஒரு நடுக்கத்துக்கு விற்றவன் என்னைப் போல் வேறு யாரும் இருக்க மாட்டான். அப்போது அதுகூட எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

சில நாள் போயிருக்கும். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மிட்வைஃப் அக்கா மேட்டிலிருந்து ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"அந்தப் புள்ளைக்கு நேத்துல இருந்து காச்சலாம். மூச்சு மேல மேல வாங்குது. ஆஸ்பத்திரிக்கு ஏத்துவோம்னா மாமியாக்காரி கதவ மறிச்சுக்கிட்டு நிக்கிறா. ஆத்தா வராதுன்னு வாக்குக் குடுத்துட்டாளாம், இது வேற சாதாக் காச்சலாம். ஆஸ்பத்திரிக்குப் போனவ பெட்டியிலதான வந்தான்னு கேக்குறா."

"நான் போயி என்னாக்கா சொல்றது?"

"நீங்க குடுத்த வாக்குதான? நீங்களே போயி திருப்பி வாங்கிட்டு வாங்க!"

மேட்டு லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் பாதியிலேயே நடுக்கம் பிடித்தது. எனக்கு ஒரே ஒரு வழிதான் நன்றாகத் தெரிந்தது, அது கீழே போகிற வழி. மிட்வைஃப் அக்கா பின்னால் ஏறி வந்துகொண்டிருந்ததால் அதுவும் அடைபட்டிருந்தது. வாசலுக்குப் போனபோது என் தோளும் தலையும் ஆடிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக் காம்பராக்களில் இருந்து சனம் கூடியது. மாமியார் தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு ஓடி வந்தார். உள்ளே சாக்குக் கட்டிலில் அந்தப் பிள்ளை சுவரில் சாய்ந்திருந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. அதைப் பார்த்ததும் என் முனகல், முகபாவம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"இது சாமி இல்லம்மா," என்றேன். "பயம். எனக்குக் காச்சல்னாலே பயம். அன்னைக்கும் பயம்தான். தல நடுக்கத்துல ஆடுச்சு, நான் ஒண்ணும் சொல்லல. புள்ளைக்கு அந்தக் காச்சல்தான் வந்திருக்கு. இப்பவே போகணும்."

மாமியார் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? ஆத்தா நம்மள சோதிக்கிறா. நம்ம நம்புறோமா இல்லையான்னு பாக்குறா."

"ஆமா, ஆமா," என்றது கூட்டம். சாமி இல்லை என்று சாமியே சொன்னால் அதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்வது? இந்தச் சனத்துக்கு மத்தியில் இவ்வளவு காலம் மருந்து கொடுத்த என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போது தட்டில் எரிந்த சூடம் கண்ணில் பட்டது. கோயிலில் யாருக்காவது அருள் வந்து அதில் சந்தேகம் வந்தால், எரியும் சூடத்தை அவர் உள்ளங்கையில் வைப்பார்கள். உண்மையான சாமி என்றால் சுடாது. அசையாமல் நிற்கும். இந்தச் சோதனையை எங்கள் தோட்டத்தில் யாரும் மறுத்ததில்லை.

"வைங்க," என்று கையை நீட்டினேன். "சாமின்னா சுடாதுல்ல? வைங்க பாப்போம்."

மாமியார் கொஞ்சமும் தயங்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. சூடக் கட்டியைத் தீயோடு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

பொறுத்துக்கொண்டு நின்றேன், பிறகு நிதானமாக விளக்கம் சொன்னேன் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. "ஐயோ அம்மா!" என்று நான் போட்ட கூச்சல் தேயிலை ஸ்டோர் வரைக்கும் கேட்டதாம். கையை உதறினேன், சூடம் பறந்து போய் ஒருவரின் கம்பளியில் விழுந்தது. ஒற்றைக் காலில் குதித்தேன். குதித்தபடியே, அந்த வயதில் ஒரு மனிதன் பெண்கள் முன்னால் சொல்லக் கூடாத சொற்களை ஒன்றுவிடாமல் சொன்னேன். சேற்றில் வழுக்கி, பீப்பாய்த் தண்ணீருக்குள் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு லயமே சிரித்தது.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. என் அருகில் வந்து, குனிந்து, கையைப் பிடித்துக் கொப்புளத்தைப் பார்த்தார். "தூ! இதுக்கா நான் கால்ல விழுந்தேன்?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "நெசமாவே பயமாங்கய்யா?"

"நெசமாத்தான்."

"வயித்தோட்டம் வந்தப்பக்கூட நீங்க பயப்படலையே. சிரிச்சுக்கிட்டுல்ல மருந்து குடுத்தீங்க."

"அது வேற. இதுக்குப் பயப்படுறேன்."

அவர் உள்ளே பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரேடியோ சொன்னது, சுவரில் ஒட்டிய படங்கள் சொன்னது, நான் வெள்ளைச் சட்டையில் நின்று சொன்னது எதுவும் அவருக்குள் இறங்கியிருக்கவில்லை. சேற்றில் உட்கார்ந்து அழுத கிழட்டுக் குழந்தையைப் பார்த்ததும்தான் இறங்கியது. "டாக்டரய்யாவே இப்பிடி நடுங்குறாருன்னா அப்ப பெரிய சீக்குதான்டி," என்று பக்கத்துக்காரியிடம் சொல்லிவிட்டு, கதவை விட்டு விலகினார். "ஏத்துங்க."

ஜீப்பைக் கேட்டோம். துரை அதைக் கழுவ வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். கொழுந்து லொறியில் ஏற்றினோம். மிட்வைஃப் அக்கா பிள்ளையை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் எதிரில், எரிந்த கையை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் நடுங்கிக்கொண்டு போனேன். பாதி வழியில் அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து, மூச்சுக்கு நடுவில், "ஐயா, நோயாளி நானா, நீங்களா?" என்றது.

"பேசாத, மூச்ச மிச்சம் புடி," என்று மிட்வைஃப் அக்கா அதட்டினார். அவர் முந்தானை நுனி வாயில் இருந்தது.

வார்டு வாசலில் நின்ற தாதி எங்களைப் பார்த்து, "தவ கெனெக்," என்றாள். இன்னொருத்தி என்று அர்த்தம். எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. பிள்ளையைக் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டவள், உள்கதவைத் தள்ளுவதற்கு முன் அந்தக் கதவில் ஒரு கணம் நெற்றியை முட்டி நின்றாள். பிறகு நிமிர்ந்து, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு போனாள். அந்த நெற்றியை நானும் மிட்வைஃப் அக்காவும் பார்த்தோம்.

பெட்டி வரவில்லை. பிள்ளை பிழைத்தது, வயிற்றிலிருந்ததும் தங்கியது. அதற்கு நிறைய நாள் எடுத்தது, அந்த நாட்களில் மிட்வைஃப் அக்கா இளைத்துப் பாதியானார். ஒரு நாள் கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். மாமியார், மிட்வைஃப் அக்கா, நான். கட்டிலில் சாய்ந்திருந்த பிள்ளை எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கி உதறி, கண்ணை மேலே செருகி, தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டியது. என்னைத்தான். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். மிட்வைஃப் அக்கா சிரித்தார். சிரித்துச் சிரித்துச் சுவரோரம் உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் அது அழுகையாகிவிட்டது, நிற்கவே இல்லை. அதே தாதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் குந்தி, உடைந்த தமிழில் சொன்னாள்: "அந்தக் கடைசி ரூம் இருக்கு. வெள்ளிக்கிழமை டொக்டர் வரும். மனசுக்கு. பயப்பட வேணாம், நானும் அங்கதான் போறது."

வெள்ளிக்கிழமை காலை நானும் மிட்வைஃப் அக்காவும் பஸ்ஸில் ஏறினோம். யாராவது கேட்டால் என் கைக்கு மருந்து கட்டப் போவதாகச் சொல்வது என்று பேசி வைத்திருந்தோம். அவ்வளவு நடந்த பிறகும் எங்களுக்குக் காப்பாற்ற ஒரு மானம் மிச்சம் இருந்ததுதான் வேடிக்கை. பஸ் நகரும் நேரம் மாமியார் கொழுந்துக் கூடையோடு பாதையோரம் வந்து நின்று, முழு மலைக்கும் கேட்கும்படி கத்தினார்:

"என்னாங்கய்யா, பயத்துக்கு மருந்து எடுக்கவா போறீங்க? எனக்கும் ரெண்டு மாத்திர வாங்கிட்டு வாங்க! புள்ள வீட்டுக்கு வந்தும் ராத்திரியில எனக்குக் கண்ண மூட முடியல!"

பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. நான் ஆசனத்துக்குக் கீழே நுழைய இடம் பார்த்தேன். மிட்வைஃப் அக்கா ஜன்னலால் தலையை நீட்டினார்.

"மாத்திர வாங்கிக் குடுக்க நான் என்னா கடையா வச்சிருக்கேன்? கூடைய எறக்கி வச்சுட்டு வந்து ஏறுங்க. எடம் இருக்கு!"